நானூற்றுப் பதினெட்டாம் லாட்

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு ஞானபாக்கியம் ஆபீஸ் அறைக்குள் வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்த திரவம் மஞ்சளாக இருந்தது.

ஊதாவாக இருக்க வேண்டும்.

"எந்த லாட்டுக்கா?" என்றாள் முத்துப்பேச்சி.

"நானூத்திப் பதினெட்டு. வியாழக்கெழம ஓட்டுனது. நேத்து சாயந்தரம் வரைக்கும் ஊதாவாத்தான் கெடந்துச்சு. விடியுமுன்ன மொளச்சிட்டு."

முத்துப்பேச்சிக்கு முதலில் பயம் வரவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்றுதானே இத்தனை ஏற்பாடும். இராஜபாளையத்தின் அந்தச் சிறு கம்பெனியில் ஆஸ்பத்திரிகளில் காயத்தின் மேல் வைக்கும் காஸ் துணியும் பேண்டேஜும் தயாரித்தார்கள். நாளுக்கு ஒரு லோடு. அந்த லோடுக்கு ஒரு எண், அதுதான் லாட். பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளில் அடங்கும் சரக்கு, அறை அளவு பெரிய நீராவிப் பெட்டிக்குள் போய் வெந்து வரும். அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். சரக்கோடு சேர்த்து ஒரு காகிதக் கீற்றையும் உள்ளே வைப்பார்கள். எளிதில் சாகாத ஒரு கிருமியின் வித்து அதில் இருக்கும். வெந்த பிறகு கீற்றை எடுத்து, ஊதா மருந்தில் போட்டு, இரண்டு நாள் சூட்டில் வைப்பது ஞானபாக்கியத்தின் வேலை. ஊதா ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்தது, சரக்கு சுத்தம். மஞ்சளானால் உயிரோடு இருக்கிறது. அதுவரை அந்த நாளின் பன்னிரண்டு பெட்டிகளும் பின்னறையில் பூட்டிக் கிடக்கும்.

"பூட்டித்தானே இருக்கு? எடுத்து எரிச்சிருவோம்க்கா."

"அதத்தான் சொல்ல வந்தேன். வா."

பின்னறைச் சாவி ஸ்டோர் பார்க்கும் சோலைச்சாமியிடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். நேற்றைய லாட் நானூற்றுப் பத்தொன்பது இடது பக்கம் பன்னிரண்டு பெட்டி. வலது பக்கம் நானூற்றுப் பதினேழு, மதியம் மதுரை லாரிக்காக அடுக்கியிருந்தது. ஞானபாக்கியம் ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் விரலால் தொட்டு வாசித்துக்கொண்டே போனாள். பதினேழு, பதினேழு, பதினேழு.

பதினெட்டு ஒன்றுகூட இல்லை.

"அண்ணாச்சி, பதினேழு எத்தன பெட்டி இருக்கு?" முத்துப்பேச்சியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சற்று உரக்கக் கேட்டாள்.

"இருபது. நாலு பெட்டி நேத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பியாச்சு."

"அப்போ இருபத்தி நாலு. ஒரு லாட்டுக்குப் பன்னெண்டுதானே?"

"எனக்கும் தோணுச்சு தாயி. ஆயுத பூசைக்கு லீவு விடுதோமே, முந்துன நாளு ரெண்டு லோடு ஓட்டியிருப்பாவன்னு நெனச்சேன். பதினேழு பாஸ்னு பாக்கியம் சீட்டு குடுத்திருச்சு. பதினேழுன்னு ஒட்டியிருந்தத எல்லாம் எடுத்து வெளிய வச்சேன்."

ஞானபாக்கியம் திரும்பி முத்துப்பேச்சியைப் பார்த்தாள். அந்தப் பார்வை குற்றம் சொல்லவில்லை. ஆனால் லேபிள் அச்சடிப்பது யார் ஏற்பாடு என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

முத்துப்பேச்சி பௌதிகம் படித்தவள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பேச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு பேசவே மாட்டேன் என்கிறாள் என்று தறிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கம்ப்யூட்டரோடு அவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முதலாளி வாங்கிப்போட்ட இயந்திரத்தில், பத்திரிகையோடு வந்த ஒரு சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றியது அவள்தான். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆட்டோகிளேவ் கூடத்தில் ஒரு பழைய டெர்மினலை வைத்ததும் அவள்தான். ஐகானும் இல்லை, மவுசும் இல்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்.

ஆட்டோகிளேவ் ஓட்டுகிற வேல்சாமிக்கு அதுதான் தொல்லை. லேபிள் அச்சடிக்க நிரலின் பெயர், லாட் எண், எத்தனை பிரதி, எந்தப் பிரிண்டர் என்று ஒரு முழு வரி அடிக்க வேண்டும். அவர் வலது ஆள்காட்டி விரலால் அடிப்பார். ஒரு எழுத்து தவறினால் முழுவதும் முதலிலிருந்து. "இதுக்குத் தறியில நூறு பாவு ஏத்திருவேன்" என்பார். அவருக்காகத்தான் மே மாதத்தில் அவள் சுருக்கங்கள் எழுதினாள். டெர்மினலைத் திறந்ததும் கம்ப்யூட்டர் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு நீளமான கட்டளைக்கு ஒரு சின்னப் பெயர் வைத்துவிடலாம். பி என்று தட்டி என்டர் அடித்தால் போதும். ஞானபாக்கியம் காலையில் பதிந்து வைத்த லாட் எண்ணைக் கம்ப்யூட்டரே எடுத்து, பன்னிரண்டு லேபிளை அடித்துத் தள்ளும். வேல்சாமி அன்று அவளுக்கு ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி வந்தார்.

இப்போது அந்த டெர்மினல் முன்னால் போய் நின்றாள். வேல்சாமி தள்ளி நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுருக்கங்களைப் பட்டியல் போடச் சொல்லி அடித்தாள். பதினொரு சுருக்கமும் வரிசையாக வந்தன. பி-யின் வரியில் அவள் கண் நின்றது. லாட் எண் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணை எங்கேயிருந்து எடுக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. எண்ணே இருந்தது. 420.

இன்றைய எண். சரியான எண்தான். ஆனால் அது அங்கே எழுதியிருக்கக் கூடாது.

பி தட்டும்போது கம்ப்யூட்டர் எண்ணைத் தேடிப் போகவில்லை. காலையில் டெர்மினலைத் திறந்த நொடியிலேயே எண்ணை எடுத்து வரிக்குள் பதித்துவிடுகிறது. கட்டளையை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தால் அப்படி நடந்திருக்காது. அவள் இரட்டைக் குறிக்குள் எழுதியிருந்தாள். நாலு மாதமாக இது யாருக்கும் தெரியவில்லை. வேல்சாமி தினமும் காலையில் திறப்பார், சாயந்தரம் மூடுவார். தினமும் புது எண் பதியும்.

ஒரு நாள் மூடாமல் விட்டால்?

யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று காட்டுகிற கட்டளையை அடித்தாள். இரண்டு தடவை தப்பாயிற்று. மூன்றாம் தடவை வந்தது. செப்டம்பர் இருபத்தொன்பது, செவ்வாய், காலை எட்டு பன்னிரண்டுக்கு உள்ளே. அக்டோபர் ஒன்று, வியாழன், மாலை ஆறு ஐந்துக்கு வெளியே. நடுவில் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, செவ்வாக்கெழம சாயந்தரம் நீங்க மூடலையா?"

வேல்சாமி துண்டைத் தோளில் போட்டார். "தொடச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சேன் தாயி. அதுக்குப் பொறவுதான் நெனப்பு வந்துச்சு, மூடலையேன்னு. பூசைக்கு வச்ச ஆயுதத்தத் தொட்டு அமுக்கலாமா? வியாழக்கெழம பிரிச்சுத்தான தொடணும். ஒரு நாள்தான, கெடக்கட்டும்னு மேல துணியப் போட்டு மூடிட்டேன்."

"வியாழக்கெழம?"

"துணிய எடுத்தேன். அப்படியே தொறந்து இருந்துச்சு. பி தட்டுனேன். லேபிள் வந்துச்சு, ஒட்டுனேன்."

"நம்பரப் பாக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். "முன்னாடின்னா பாக்கியம் சீட்டப் பாத்து நான் அடிப்பேன். அப்பப் பாப்பேன். இப்பத்தான் நீ அடிக்க வேணாம்னுட்டியே. மிஷினு போடுது, நான் ஒட்டுதேன்."

வேகாத பன்னிரண்டு பெட்டியும் வெந்த பன்னிரண்டு பெட்டியும் ஒரே எண்ணோடு கலந்து கிடந்திருக்கின்றன. அதிலிருந்து நாலு பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. எந்த நாலு என்று கடவுளுக்கும் தெரியாது.

முதலாளி ராஜரத்தினம் முன்னால் நாலு பேரும் நின்றபோது மணி ஒன்பது. ஞானபாக்கியம் குழாயை மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வேல்சாமியைப் பார்த்தார்.

"ஏன்யா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? பதினெட்டுக்கு எப்படிய்யா பதினேழ ஒட்டுவ?"

"மிஷின் அடிச்சதத்தான் மொதலாளி ஒட்டுனேன்."

"மிஷின் தப்பா அடிக்குமா? தப்பா அடிக்காதுன்னுதானே அம்புட்டுச் செலவழிச்சு வாங்கிப் போட்டேன்?"

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். இந்த நால்வரில் அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இப்போதே போய் ஒரு குறியை மாற்றிவிட்டால் அது இருந்த தடமே இருக்காது. வேல்சாமி தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொள்வார். அவருக்குப் பழக்கம்தான்.

"அடிக்கும் சார்," என்றாள். "நான் எழுதுன வரிதான் தப்பு. அண்ணாச்சி மேல தப்பில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெளிவாச் சொல்லு."

சொன்னாள். குழறித்தான் சொன்னாள், ஆனால் விடாமல் சொன்னாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை. முடித்ததும் குழாயை மேசையில் உருட்டினார்.

"பாக்கியம், இந்த டெஸ்டு தப்பாப் போக வழி இருக்கா? கை பட்டு, தூசி பட்டு?"

"இருக்கு சார். ஆனா ஆட்டோகிளேவ் சூடு பதியுற வியாழக்கெழமச் சார்ட்டையும் எடுத்துப் பாத்தேன். நூத்தி இருபத்தோரு டிகிரி இருபது நிமிசம் நிக்கணும். எட்டு நிமிசம் நின்னுட்டுச் சரிஞ்சிருக்கு. கதவு ரப்பர் ஒழுகியிருக்கும்."

"நேத்தே ஏன் பாக்கல?"

பூஜை லீவு முடிந்த அசதியில் சார்ட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஞானபாக்கியமும் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ டெஸ்டு போடுவோம்," என்றார் ராஜரத்தினம் மெதுவாக. "ரெண்டு நாளுதானே. அதுக்குள்ள ஊரெல்லாம் தண்டோரா போட்டு, பொறவு ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா?"

"சார், அவங்க ஆர்டர் எதுக்குன்னு பாத்தீங்களா?" ஞானபாக்கியம் ஆர்டர் தாளை நீட்டினாள். "குடும்பக் கட்டுப்பாடு முகாம். இன்னைக்குப் பத்து மணிக்கு. ஒம்போது பொம்பளைங்க."

சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது எட்டு. அவர் டெலிபோனை எடுத்து எண்களைச் சுழற்றினார். காதில் வைத்தார். வைத்துவிட்டு மறுபடியும் சுழற்றினார்.

"எங்கேஜ்டு."

மூன்றாம் தடவையும் எங்கேஜ்டு.

"நான் போறேன் சார்," என்றாள் முத்துப்பேச்சி.

"போயி? என்ன சொல்லுவ?"

"எம்மேல தப்புன்னு சொல்லுவேன்."

"நீ உம்பேரச் சொன்னாலும் பெட்டி மேல எம்பேருதான்டி ஒட்டியிருக்கு." சத்தமாகச் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. நாலாம் தடவையாக டெலிபோனைச் சுழற்றினார்.

ஞானபாக்கியம் சார்ட்டைச் சுருட்டி அவள் கையில் திணித்தாள். "ஏட்டி, நின்னுக்கிட்டே இருக்காத. ஓடு."

வேல்சாமியின் மொபெட் மூன்றாம் மிதியில்தான் கிளம்பியது. அவள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து சார்ட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் இடப்பக்கம் மலை கூடவே வந்தது. பதினொரு கிலோமீட்டர். சாதாரண நாளில் இருபத்தைந்து நிமிடம்.

அது சாதாரண நாள் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. டவுன் பஸ்ஸின் கூரையிலும் ஆட்கள். ஊர் நெருங்க நெருங்க, நாமம் போட்ட பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் ரோட்டை முழுதாக அடைத்துக்கொண்டார்கள். மொபெட் நடையை விட மெதுவாக ஊர்ந்தது.

"வழி விடுங்கய்யா! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" வேல்சாமி கத்தினார்.

"நாங்க மட்டும் சினிமாவுக்கா போறோம்?" என்றான் ஒருவன். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பிள்ளையை இழுத்து ஓரம் கட்டினாள்.

ஒன்பது நாற்பத்தைந்துக்கு மொபெட் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. முத்துப்பேச்சி இறங்கினாள்.

"நீங்க வாங்க அண்ணாச்சி, நான் ஓடுறேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கல்லூரியில் விளையாட்டு விழா அன்றுகூட அவள் ஓடியதில்லை, எல்லோரும் பார்ப்பார்களே என்று. இப்போதும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சை அங்கி. ஒருத்தி மடியில் கைக்குழந்தை. முத்துப்பேச்சி எண்ணினாள். எட்டு. ஒன்பதாவது எங்கே?

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையப் போனவளை ஒரு நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். நரைத்த தலை, வெள்ளைத் தொப்பி, நெஞ்சில் நாச்சியார் என்று பெயர்ப் பலகை.

"எங்க போற? செருப்பக் கையில வச்சுக்கிட்டு?"

செருப்பைக் கீழே போட்டாள்.

"காஸ் பெட்டி... நேத்து வந்தது. நாலு பெட்டி. அதத் தொடாதீங்க சிஸ்டர்."

"யாரு நீ?"

"அத அனுப்புன கம்பெனி. அதுல வேகாத சரக்கு கலந்திருக்கு. கிருமி இருக்கு."

சிஸ்டரின் கை கதவிலிருந்து இறங்கியது. "எந்தப் பெட்டி?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"எல்லாத்துலயும் ஒரே நம்பர்தான் ஒட்டியிருக்கு. ரெண்டு நாள் சரக்கு. பிரிச்சுச் சொல்ல முடியாது. நாலையும் வச்சிருங்க."

"நாலையும் வச்சுட்டு நான் எத வச்சு..." சிஸ்டர் பெஞ்சைப் பார்த்தாள். "நேத்து ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம ஒக்காந்திருக்குதுக." சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏ, மொத ஆள மேசையில ஏத்திட்டீங்களா? எறக்குங்க. மயக்க ஊசி போடாத!"

ஒன்பதாவது பெண் உள்ளே இருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வந்திருந்தால் என்று முத்துப்பேச்சி நினைக்கப் போனாள். சிஸ்டர் நினைக்க விடவில்லை.

"ஒரு பெட்டி ஒடைச்சாச்சு," என்றாள். குரல் தணிந்திருந்தது. "காலையில அஞ்சு மணிக்கு ஒரு சிசேரியன். ஆறு பொட்டலம் போச்சு."

முத்துப்பேச்சி சுருட்டி வைத்திருந்த சார்ட்டை விரித்தாள்.

டாக்டர் வந்தார். சார்ட்டை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, என்ன கிருமி என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எண்களைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

"முழுப் பச்சையும் இல்ல. அரை வேக்காடு," என்றார் அவர். "டெஸ்டு கிருமி ஒண்ணும் செய்யாது. ஆனா அது பொழச்சதுன்னா கூட வேற எது பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாது. பெட்டியும் நல்ல பெட்டியா இருந்திருக்கலாம், கெட்ட பெட்டியா இருந்திருக்கலாம்." சிஸ்டரிடம் திரும்பினார். "கட்டுப் பிரிச்சு, நாமளே அவிச்சு நம்ம டிரம்ல வச்சிருக்கிற துணியில கட்டுங்க. ஊசிய மாத்தி எழுதுறேன். நாலு மணி நேரத்துக்கொரு தடவ டெம்பரேச்சர். தையல் பிரிக்கிற வரைக்கும், ஏழு நாளு, கண்ணு அங்கேயே இருக்கணும். வேற துணி அவிச்சு எடுத்துட்டு, முகாம் மத்தியானத்துக்கு மேல." பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்தார். "அவங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நானும் வாரேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சிசேரியன் ஆன வெள்ளத்தாயின் புருஷன் பால்பாண்டி பட்டாளத்துக்காரன். பிரசவத்துக்காக லீவில் வந்திருந்தான். வார்டு வாசலில் விறைப்பாக நின்று டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டான். டாக்டர் போன பிறகு முத்துப்பேச்சியிடம் வந்தான்.

"என் பொண்டாட்டிக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமப் போகலாம். சீழ் வைக்கவும் செய்யலாம். இப்போ தெரியாது."

"இத நீ ஏன் வந்து சொல்லுத? கம்பெனில ஆம்பளையே இல்லையா?"

"தப்பு என்னோடது. நான் எழுதுன ஒரு வரியால வந்தது."

அவன் தாடை இறுகியது. கை ஓங்கிவிடுவானோ என்று பின்னால் வந்து நின்ற வேல்சாமி ஓரடி முன்னால் வந்தார். பால்பாண்டி அவரைப் பார்க்கவே இல்லை.

"ஏழு நாளுன்னாருல்ல டாக்டர். ஏழு நாளும் நீ இங்க வரணும். வந்து என் முன்னால நின்னு அவளப் பாத்துட்டுப் போகணும். அவளுக்கு ஒண்ணுன்னா நான் ஒன்னத் தேடி வர வேண்டியிருக்கக் கூடாது."

"வாரேன்," என்றாள்.

ஆஸ்பத்திரி டெலிபோனில் கம்பெனிக்குப் பேசினாள். முதல் மணியிலேயே ராஜரத்தினம் எடுத்தார். நடந்ததைச் சொன்னாள்.

"மதுர லாரிய நிறுத்திட்டேன்," என்றார் அவர். "இருபதையும் கொளுத்தச் சொல்லியாச்சு. ஒன் வேலையப் பத்திப் பொறவு பேசுவோம்."

அன்று சாயந்தரம் அவள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்தாள். இரட்டைக் குறியை ஒற்றைக் குறியாக மாற்றினால் போதும், வரி சரியாகிவிடும். அந்த இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவள் மாற்றவில்லை. முழு வரியையும் அழித்தாள். பி தட்டினால் லாட் எண் என்ன என்று கேட்கும்படியும், அடித்த எண் ஞானபாக்கியம் பதிந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் லேபிள் வராதபடியும் ஒரு சின்ன நிரல் எழுதினாள். மீதிப் பத்துச் சுருக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். விரல் நோகாமல் இருக்க எழுதியவற்றை விட்டுவைத்தாள். யாரோ ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்க்க விடாமல் செய்தவை இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் அழித்தாள்.

வேல்சாமி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பவும் நம்பர நான்தான் அடிக்கணுமா?"

"ஆமா அண்ணாச்சி. சீட்டப் பாத்து."

"ஒத்த வெரல வச்சுக்கிட்டு..." என்றவர், "அடிக்கேன், அடிக்கேன்," என்று முடித்தார்.

ஞாயிறு போனாள். திங்கள் போனாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று சார்ட்டில் எழுதியிருந்த டெம்பரேச்சரை வாசிப்பாள். பால்பாண்டி எதிரே நிற்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அவள் திரும்பிப் பஸ் ஏறுவாள்.

செவ்வாய்க்கிழமை நூற்றியொன்று என்று எழுதியிருந்தது.

வெள்ளத்தாய் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். டாக்டர் வந்து கட்டைப் பிரித்து விளிம்பை அழுத்திப் பார்த்தார். "பால் கட்டினாலும் காய்ச்சல் வரும். ரெண்டுல எதுன்னு நாளைக்குத்தான் தெரியும்," என்றார். பால்பாண்டி சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றுதான் அவன் எத்தனை சின்னப் பையன் என்று முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. அவளை விட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம். போ என்று அவன் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. பார்வையாளர் நேரம் முடியும் வரை எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

புதன்கிழமை தொண்ணூற்றொன்பதரை. வியாழன் தொண்ணூற்றெட்டரை. கம்பெனியில் ராஜரத்தினம் அவளைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காய்ச்சல் எம்புட்டு என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஞானபாக்கியம்தான் சொன்னாள்.

சனிக்கிழமை தையல் பிரித்தார்கள். ரோட்டில் அதே கூட்டம். அவள் விடிகாலைப் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நாச்சியார் சிஸ்டர் தட்டோடு கட்டிலருகே வந்து துணியை விலக்கினாள். முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"வெளிச்சத்த மறைக்காத. அந்தப் பக்கம் போ."

போனாள். பால்பாண்டிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. இருவரும் தோள் இடிக்க நின்றார்கள். கத்தரிக்கோல் ஒவ்வொரு முடிச்சாக வெட்டிக்கொண்டு போனது. வெள்ளத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். சிஸ்டர் கடைசி நூலை உருவி, விரலால் தையலின் நெடுக அழுத்தினாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"காஞ்சிருக்கு," என்றாள். "ஒண்ணுமில்ல. சுத்தமா ஒட்டியிருக்கு."

பால்பாண்டி மூச்சை விட்டான். முத்துப்பேச்சி பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நாளைக்கு வர வேண்டாம்."

"சரி."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளைப் படுக்கையிலிருந்து வெள்ளத்தாய் கூப்பிட்டாள். இந்த ஏழு நாளில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, தெனமும் வார. வந்து காய்ச்சல் சீட்டப் பாக்குத, போற. எம்பிள்ளைய ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியா?"

தொட்டில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏழு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. துணிக்குள் ஒரு சின்ன முஷ்டி மட்டும் தெரிந்தது.

"ஆணா, பொண்ணா?"

"தூக்கிப் பாரு."

முத்துப்பேச்சி தன் கைகளைப் பார்த்தாள். பஸ் கம்பியைப் பிடித்த கை.

"செத்த நேரம் பொறு," என்றாள். "கை கழுவிட்டு வாரேன்."